இவாஸோவின் இரட்டைப் பிடி

அந்த அழைப்பு வந்தபோது நவாத்தா கென்கிச்சி ஒரு பல் ஆஸ்பத்திரிக் கட்டடத்தில், லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் குந்தியிருந்தார். ஐந்தாவது மாடிக் கதவு லேசாக முனகுகிறது என்று புகார். முனகலின் காரணம் பிடிபட்ட நேரத்தில்தான் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. தெரியாத எண்.

"நவாத்தா-சானா? முன்னாடி ஹமகாஸே கேம் கம்பெனியில வேலை பார்த்தவர்தானே?" ஒரு பெண் குரல்.

"ஆமா."

"என் பேரு தெராகுச்சி. நானும் கேம் தயாரிக்கிற கம்பெனிதான். 'துறைமுக மல்லர்கள்' விஷயமா பேசணும். அதுல இவாஸோவோட பிடியில ஒரு கோளாறு இருந்துச்சு இல்லையா..."

"மன்னிச்சிடுங்க" என்றார் நவாத்தா.

மறுமுனை கொஞ்சம் தடுமாறியது. "இல்லைங்க, அதைப் பத்தி நேர்ல பேசினா நல்லது. சனிக்கிழமை எங்க ஆபீசுக்கு வர முடியுமா?"

"கண்டிப்பா வர்றேன். மன்னிச்சிடுங்க" என்று சொல்லிக்கொண்டே தலை வணங்கினார். ஹெல்மெட் இரும்புச் சட்டத்தில் இடித்து 'டங்' என்றது. கீழே லிஃப்டுக்காகக் காத்திருந்த பல்வலிக்காரர் ஒருவர் அண்ணாந்து பார்த்தார்.

நவாத்தாவுக்கு வயது ஐம்பத்தொன்று. வாழ்க்கையில் அவர் செய்த தவறுகளை எண்ண ஒரு கை போதும். அதில் பெரியது இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் நடந்தது.

அப்போது ஒசாகாவின் ஜூஸோ பகுதியில், ஒரு உடோன் நூடுல்ஸ் கடைக்கு மேல்மாடியில் ஹமகாஸே இருந்தது. சண்டை கேம்கள் மட்டுமே தயாரித்த சின்னக் கம்பெனி. அங்கே நவாத்தா சோதனைக்காரர். காலையில் வந்து டிவி முன் உட்கார்ந்து, பதினோரு மல்லர்களைப் பதினோரு மல்லர்களோடு மோதவிட்டு, ஏதாவது உடைகிறதா என்று பார்த்துத் தாளில் பென்சிலால் எழுதுவது வேலை. அவர் நல்ல ஆட்டக்காரர் இல்லை. நல்ல ஆட்டக்காரர்கள் ஜெயிக்கப் பார்ப்பார்கள். அது சோதனைக்குத் தொல்லை. இவர் திரையில் சுவரோடு ஒட்டி நின்று நாற்பது நிமிடம் குதித்துக்கொண்டே இருப்பார். எதற்கு என்று கேட்டால், "யாராவது ஒருத்தன் குதிப்பான்" என்பார்.

'துறைமுக மல்லர்கள்' முதலில் காசு போட்டு ஆடும் ஆட்டக்கூடங்களில் வந்து ஓரளவு ஓடியது. அதை வீட்டு டிவியில் ஆடும்படி மாற்றி எழுதும் வேலையை ஹிருமா என்பவர் ஒற்றை ஆளாக ஐந்து மாதத்தில் செய்தார். கடைசி ஒன்பது நாள் அவர் வீட்டுக்கே போகவில்லை. ஐந்தாவது நாள் மனைவிக்குப் பெண் குழந்தை பிறந்தது. மைத்துனர் குழந்தையின் படத்தை ஆபீசுக்கு ஃபேக்ஸில் அனுப்பினார். ஃபேக்ஸில் குழந்தை ஒரு கத்தரிக்காய் போல வந்திருந்தது. ஹிருமா அதைத் தன் மேஜைக்கு எதிரே ஒட்டிவைத்துக்கொண்டு வேலை பார்த்தார்.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கூரியர்காரர் வந்து மூலப்பிரதியைத் தொழிற்சாலைக்கு எடுத்துப் போக வேண்டும். எட்டு இருபதுக்கு நவாத்தாவின் சோதனை முடிந்துவிட்டது. ஒரு கையில் சோற்று உருண்டையைத் தின்றுகொண்டே, மடியில் கன்ட்ரோலரை வைத்து, மறு கையால் இவாஸோவை ஆட்டிக்கொண்டிருந்தார். இவாஸோ மூட்டை தூக்குகிறவன். பதினோரு பேரில் இருப்பதிலேயே குண்டன், மந்தமானவன், யாரும் விரும்பி எடுக்காதவன். எதிராளியைப் பிடித்துத் தூக்கித் தரையில் அடித்தானானால், அதன்பிறகு ஒரு விநாடி இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்குவான். அந்த மூச்சுக்குள் மற்றவர்கள் எழுந்து அவனை நையப்புடைத்துவிடுவார்கள்.

மடியில் உதிர்ந்த சோற்றைத் தட்டிவிடப் போன விரல் ஒரு பட்டன் மேல் பட்டது. இவாஸோ மூச்சு வாங்கவில்லை. எழுந்துகொண்டிருந்தவனை அப்படியே மறுபடி பிடித்து மறுபடி தரையில் அடித்தான்.

நவாத்தா சோற்று உருண்டையைக் கீழே வைத்தார். திரும்பச் செய்து பார்த்தார், வரவில்லை. பதினான்காவது தடவை வந்தது. அப்படியானால் இருக்கிறது.

எழுந்து ஹிருமாவின் மேஜைக்குப் போனார். மேஜைக்கு அடியில் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து, ஷூவைத் தலைக்கு வைத்து ஹிருமா தூங்கிக்கொண்டிருந்தார். இடது காலுறையில் ஓட்டை. பெருவிரல் வெளியே தெரிந்தது. எழுப்பினால் இதைத் திருத்த இன்னும் இரண்டு நாள், ஒருவேளை மூன்று. நவாத்தா அந்தப் பெருவிரலைப் பார்த்தார். கத்தரிக்காயைப் பார்த்தார். தன் இடத்துக்குத் திரும்பி வந்து, சோதனைத் தாளின் கடைசி வரியில் 'கோளாறு இல்லை' என்று எழுதி முத்திரை குத்தினார். பத்து மணிக்குக் கூரியர்காரர் எடுத்துப் போனார். பிறகு ஹிருமாவை எழுப்பி, "போயிடுச்சு. நீ வீட்டுக்குப் போ" என்றார்.

கேம் ஜனவரியில் கடைக்கு வந்தது. நாலே நாளில் ஆட்டக்காரர்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கேம் பத்திரிகையில் ஆசிரியருக்குக் கடிதம் வந்தது. முதலாளி எல்லாரையும் வரிசையாக நிறுத்திக் கத்தினார்.

"என் கவனக்குறைவு" என்றார் நவாத்தா. அவர் ஆபீசில் வாயால் சொன்ன ஒரே பொய் அதுதான். மார்ச்சில் வேலையை விட்டார். பிறகு லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனியில் சேர்ந்தார். சில வருடங்களில் ஹமகாஸேயையும் மூடிவிட்டார்கள். லிஃப்ட் வேலையில் இத்தனை காலத்தில் அவர் பொறுப்பில் இருந்த ஒரே ஒரு லிஃப்ட்தான் ஆளோடு நடுவில் நின்றிருக்கிறது. உள்ளே இருந்தது ஒரு டோஃபு வியாபாரியும் அவருடைய நாயும். இருவரும் புகார் செய்யவில்லை.

கல்யாணத்துக்கு முன் சுமியேவிடம், "நான் ஒரு பெரிய தப்பு பண்ணியிருக்கேன், சொல்லிடறேன்" என்று ஆரம்பித்தவர் அவர். சுமியே ஜெயில், அல்லது எங்காவது ஒரு குழந்தை என்று மனதைத் தயார் பண்ணிக்கொண்டாள். ஒரு கோளாறைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்று அவர் முடித்ததும், "அவ்வளவுதானா?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

வெள்ளிக்கிழமை மாலை இருவரும் பலகாரக் கடைக்குப் போனார்கள். மன்னிப்புக் கேட்கப் போகிறவர் கையை வீசிக்கொண்டு போக முடியாது.

"இருபத்திரெண்டு வருஷத் தப்புக்கு எந்த சைஸ் பெட்டிங்க?" என்று சுமியே கேட்டாள்.

"பெருசா வாங்கு."

"அங்க எத்தனை பேரு இருக்காங்கன்னு தெரியுமா?"

"கோபமா இருக்கிறவங்க எல்லாருக்கும் பத்தணும்."

பயறு இனிப்புக்கட்டி இருபது அடங்கிய பெட்டியை வாங்கினார்கள். சனிக்கிழமை, தன் கல்யாணத்துக்குத் தைத்த கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு புறப்பட்டார். பொத்தான் போட முடியவில்லை.

தெராகுச்சியின் ஆபீஸ் நான்காவது மாடியில். நவாத்தா உள்ளே நுழைந்ததும் பெட்டியை இரண்டு கையாலும் நீட்டி, இடுப்பு மடிய வணங்கி, "உங்களுக்கெல்லாம் ரொம்பத் தொந்தரவு கொடுத்துட்டேன்" என்றார்.

நிமிர்ந்து பார்த்தால் எதிரே ஆறு பேர் அவரைவிடத் தாழ வணங்கி நின்றுகொண்டிருந்தார்கள். அதில் தாடிக்காரர் ஒருவர் நிமிர்ந்து, பழைய 'துறைமுக மல்லர்கள்' பெட்டியையும் பேனாவையும் நீட்டினார்.

"இதுல ஒரு கையெழுத்து..."

"ஒப்புதல் கையெழுத்தா?"

"இல்லைங்க. ஞாபகத்துக்கு."

நவாத்தா எந்த இடத்தில் போடுவது என்று தெரியாமல், வழக்கம்போல வலது கீழ் மூலையில் தேதியோடு போட்டார்.

தெராகுச்சிக்கு முப்பத்து மூன்று வயது இருக்கும். விஷயத்தைச் சொன்னாள். ஹமகாஸேயின் எட்டு சண்டை கேம்களையும் ஒரே தொகுப்பாக, இன்றைய கேம் பெட்டிகளுக்கு ஏற்றபடி திரும்பக் கொண்டுவருகிறார்கள். ஏழு சரியாக வந்துவிட்டன. மூன்றாவதான 'துறைமுக மல்லர்கள்'தான் சிக்கல்.

"இவாஸோவோட இரட்டைப் பிடி வரவே மாட்டேங்குதுங்க."

"நல்லதாப் போச்சு."

"ஐயோ, நல்லது இல்லைங்க! அது இல்லேன்னா அது அந்த கேமே இல்ல."

அவள் ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டினாள். எங்கோ ஒரு மண்டபம். நூறு பேர் கூடி நின்று பழைய டிவி ஒன்றைப் பார்க்கிறார்கள். திரையில் இவாஸோ ஒருவனைப் பிடித்து அடிக்கிறான்; மண்டபம் மூச்சை அடக்குகிறது; மறுபடி பிடிக்கிறான்; எல்லாரும் நாற்காலிமேல் ஏறுகிறார்கள்.

"இது எந்த ஊரு?"

"லிமா. பெரு நாடு. நாகோயாவுலயும் வருஷா வருஷம் போட்டி நடக்குது. எல்லாரும் அந்த ரெண்டாவது பிடிக்குப் பயந்துதான் ஆடுவாங்க. பயம் இல்லேன்னா சும்மா குதிச்சுக்கிட்டே இருக்க வேண்டியதுதான். பழைய ஆட்டக்காரங்களைக் கூப்பிட்டு முன்னோட்டம் காட்டினோம். பாதியில எழுந்து போயிட்டாங்க."

"அவங்க கோளாறு இல்லாம இருக்குன்னு கோச்சுக்கிட்டாங்களா?"

"ஆமாங்க."

நவாத்தா சொன்ன கோபக்காரர்கள் இருந்தது உண்மைதான். ஆனால் கோபம் எதிர்ப்பக்கம் இருந்தது.

"ஹிருமாவைக் கேட்டீங்களா?"

"கேட்டோம். டோக்குஷிமாவுல தாமரைக்கிழங்கு பயிர் பண்றாராம். ஒண்ணும் ஞாபகம் இல்ல, நவாத்தாவுக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கும்னு சொல்லி உங்க நம்பரைக் கொடுத்தாரு."

ஹிருமாவும் நவாத்தாவும் வருடத்துக்கு ஒரு புத்தாண்டு அட்டை மட்டும் அனுப்பிக்கொள்கிறவர்கள். அதில் அந்த வருடத்துக்கான ராசி மிருகத்தின் படமும் போன் நம்பரும் அச்சடித்திருக்கும். வேறொன்றும் இருக்காது.

அடுத்த ஐந்து சனிக்கிழமைகள் நவாத்தா அங்கே போனார். சன்னல் ஓரத்தில் அவருக்கு ஒரு நாற்காலி, தட்டில் பார்லி டீ. பழைய கேம் பெட்டி, இவாஸோ தரையில் அடிக்கும் அந்தச் சத்தத்தை எடுத்துவரும்போது கண்ணுக்குத் தெரியாத ஒரு தடுமாற்றம் தடுமாறும். ஒரு விநாடியை அறுபதாக்கினால் அதில் ஒரு பங்கு. இரண்டாவது பிடி அந்த இடுக்கில்தான் நுழைந்திருந்தது. இன்றைய பெட்டி தடுமாறாது. அதனால் ஓடத் தெரிந்ததற்கு நொண்டச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது.

தாடிக்காரர் திருத்தித் திருத்திக் கொண்டுவருவார். நவாத்தா நூறு தடவை பிடித்துப் பார்த்துத் தாளில் எழுதுவார்.

"எப்படி இருக்குங்க?"

"இல்ல."

அடுத்த வாரம்: "இப்ப?"

"இருக்கு. ஆனா ரொம்ப நல்லா இருக்கு."

"நல்லா இருந்தா..."

"மூணுக்கு ஒண்ணு வருது. இவ்வளவு சுலபமா இருக்கக் கூடாது. கோளாறு கோளாறு மாதிரி இருக்கணும்."

தாடிக்காரர் அந்த வாசகத்தை எழுதி சுவரில் ஒட்டிக்கொண்டார். நவாத்தாவுக்கு அது சங்கடமாக இருந்தது. ஆனால் சனிக்கிழமை காலைகளில் தான் ரயிலுக்குக் கால் மணி முன்னதாகவே கிளம்பிவிடுவதைச் சுமியே சொன்ன பிறகுதான் கவனித்தார்.

ஐந்தாவது சனிக்கிழமை, ஆடிப் பார்த்துச் சொல்ல ஷிமெஜி என்ற பழைய ஆட்டக்காரர் வந்தார். அது காளான் பெயர். இளவயதில் ஆட்டக்கூடத்தில் விளையாட்டாகப் பதிந்த பெயர். இப்போது நாற்பத்து நான்கு வயதிலும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அமாகஸாகியில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறார். கடைக்குத் திங்கள்தான் விடுமுறை என்பதால், 'மாமனார் காலமானார், இன்று விடுமுறை' என்று எழுதி மாட்டிவிட்டு வந்திருந்தார். மாமனாரிடம் கேட்டுக்கொண்டுதான் மாட்டியதாகச் சொன்னார்.

இருபத்திரண்டு வருடமாக இவாஸோவை மட்டுமே ஆடுகிறவர் அவர். யாரோடும் பேசாமல் உட்கார்ந்து நாற்பது நிமிடம் ஆடினார். முதல் இருபது நிமிடம் எதுவும் நடக்கவில்லை. பிறகு இவாஸோ பிடித்தான், அடித்தான், மறுபடி பிடித்தான். ஷிமெஜி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"வந்திருச்சு" என்றார்.

தெராகுச்சி கை தட்டினாள். ஷிமெஜி நாற்காலியைத் திருப்பி நவாத்தாவைப் பார்த்தார்.

"நீங்கதானா அது. நான் தொழில் பழகின காலத்துல எனக்குக் கை நடுங்கும். கஸ்டமர் காதை வெட்டிட்டேன். ஓனர் இன்னொரு காது வெட்டினா வீட்டுக்குப் போயிடுன்னாரு. இந்தப் பிடியைப் பழகப் பழகத்தான் நடுக்கம் நின்னுச்சு."

"அப்புறம் வெட்டவே இல்லையா?"

"இருபத்திரெண்டு வருஷத்துல மூணு காது. அதுல ஒண்ணு அவரு தும்மினது."

எல்லாரும் சிரித்தார்கள். ஷிமெஜி பார்லி டீயை ஒரு மடக்கு குடித்துவிட்டு, எந்தக் குத்தலும் இல்லாமல் கேட்டார்: "ஒண்ணு மட்டும் புரியல. பட்டன் பட்டனா அழுத்திப் பார்க்கிற மனுஷன் நீங்க. இதை எப்படித் தவற விட்டீங்க? நாங்க நாலு நாள்ல கண்டுபிடிச்சோமே."

நவாத்தா பென்சிலை மேஜைமேல் வைத்தார். அது உருண்டது, பிடித்து மறுபடி வைத்தார்.

"தவற விடல" என்றார்.

அவர் வியாழக்கிழமை, எட்டு இருபது, சோற்று உருண்டை, அட்டைப்பெட்டி, பெருவிரல் என்று வரிசையாகச் சொன்னார். அறிக்கை வாசிப்பது போலத்தான் சொன்னார், ஆனால் கத்தரிக்காயிடம் வந்தபோது நிறுத்தி டீக்கோப்பையை எடுத்தார். டீயைக் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். தெராகுச்சி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்ப இது கோளாறே இல்லையே" என்றார் ஷிமெஜி. "தெரிஞ்சு விட்டீங்கன்னா அது முடிவு."

"கோளாறுதான்."

"தெரிஞ்சே..."

"கோளாறுதாங்க" என்றார் நவாத்தா. அதில் மட்டும் அவர் இறங்கி வரவில்லை.

வீட்டுக்கு வந்து சுமியேவிடமும் சொன்னார். அவள் பள்ளிச் சமையல் கூடத்தில் வேலை பார்க்கிறவள். காய் நறுக்குகிற வேகத்தில் பேசுவாள். இதைக் கேட்டுவிட்டுக் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இதை ஏன் அப்பவே எங்கிட்ட சொல்லல?"

"நேர்மை இல்லாதவன்னு நினைப்பியோன்னு."

"அதுக்குப் பதிலா கவனம் இல்லாத ஆளுன்னு இருபது வருஷமா நினைச்சுக்கிட்டு இருக்கேனே! கேஸை அணைச்சீங்களா, கதவைப் பூட்டினீங்களான்னு தினம் தினம் கேட்டேனே, ஒரு நாளாச்சும் வாயைத் திறந்தீங்களா?"

"அணைச்சேன்னு சொன்னேனே."

"நம்பலையே நான்! ஒவ்வொரு தடவையும் எழுந்து போய்ப் பார்த்தேனே!"

அவளுக்கு உண்மையிலேயே கோபம். அன்றைக்குக் குழம்பில் உப்பு தூக்கலாக இருந்தது. சாப்பிட்டு முடித்ததும் போனை எடுத்து அவர் முன்னால் வைத்து, "ஹிருமா-சானுக்குப் போடுங்க. அவருக்குத் தெரியணும்" என்றாள்.

ஹிருமா உடனே எடுத்தார். இருபத்திரண்டு வருடத்தில் முதல் பேச்சு. நவாத்தா நடந்ததைச் சொன்னார். மறுமுனையில் தவளைகள் கத்துவது மட்டும் கேட்டது.

"நவாத்தா."

"சொல்லு."

"அன்னைக்கு நான் வீட்டுக்குப் போகலடா."

"எங்க போனே?"

"ஜூஸோ ஸ்டேஷன் பக்கத்துல ஒரு நீராவிக் குளியல் விடுதி இருந்துச்சே, அங்க. மறுநாள் சாயங்காலம் வரைக்கும் அங்கேயே படுத்துக் கிடந்தேன். பிள்ளையைப் பார்க்கப் பயமா இருந்துச்சு. அந்த ஃபேக்ஸைப் பார்த்துப் பார்த்து... என்ன பொறந்திருக்கோன்னு ஆயிடுச்சு."

நவாத்தா போனை மறு காதுக்கு மாற்றினார்.

"அப்புறம் போனியா?"

"போனேன். நல்லாத்தான் இருந்தா. இப்ப மாவட்ட ஆபீசுல வேலை. எனக்கே ரூல்ஸ் சொல்றா." கொஞ்சம் விட்டு, "கோபமாடா?" என்றார்.

நவாத்தா தன் நெஞ்சுக்குள் தேடிப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் சொல்லியிருப்பார், அவர் சோதனைக்காரர். "தூங்கினே இல்ல?" என்று கேட்டார்.

"செத்தவன் மாதிரி தூங்கினேன்."

"அப்ப சரி."

மறுவாரம் பத்துக் கிலோ தாமரைக்கிழங்கு சேற்றோடு வந்து இறங்கியது. சுமியே பள்ளிக்கூடத்துக்கே பாதியைக் கொண்டுபோய்விட்டாள். கேஸைப் பற்றிக் கேட்பதை அன்றோடு விட்டாள். சும்மா இருந்த நேரத்தில் ஒரு நாள் அவரே எழுந்து போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தார்.

தொகுப்பு செப்டம்பரில் வெளிவந்தது. கடைசியில் ஓடும் பெயர் வரிசையில் 'கோளாறு மேற்பார்வை: நவாத்தா கென்கிச்சி' என்று போட்டிருந்தார்கள். ஒரு விமர்சகர் எட்டு கேம்களுக்கும் மதிப்பெண் போட்டு, மூன்றாவதற்குப் பத்துக்கு ஆறு கொடுத்து, 'புதியவர்களுக்கு ஏற்றதல்ல, குண்டன் நியாயமில்லாதவன்' என்று எழுதியிருந்தார். நவாத்தா அதைப் படித்துவிட்டு, சரியாகத்தான் எழுதியிருக்கிறார் என்றார்.

நவம்பரில் நிப்போன்பாஷியில் ஒரு போட்டி. தெராகுச்சி அவரை முன்வரிசையில் உட்கார வைத்தாள். ஷிமெஜி முதல் சுற்றிலேயே நாகோயாவிலிருந்து வந்த ஒரு பல் டாக்டரிடம் தோற்றார். ஷிமெஜி மூன்று தடவை முயன்றும் இரண்டாவது பிடி வரவில்லை. பல் டாக்டர் இவாஸோவை மூச்சு வாங்கவிட்டு நிதானமாக உதைத்தார். பிற்பகல் நாலு மணிக்கே நவாத்தாவுக்கும் ஷிமெஜிக்கும் அங்கே வேலையில்லாமல் போயிற்று. பக்கத்துச் சந்தில் உடோன் சாப்பிடப் போனார்கள்.

ஷிமெஜி தோல்வியைப் பற்றிப் பேசவில்லை. நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டே நவாத்தாவின் தலையை ஒரு பக்கமாகவும், குனிந்து மறு பக்கமாகவும் பார்த்தார்.

"உங்களுக்கு யாரு முடி வெட்டறது?"

"வீட்டுல. சுமியேதான்."

"தெரியுது" என்றார் ஷிமெஜி. "செவ்வாக்கிழமை கடைக்கு வாங்க."

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து நவாத்தா முடி வெட்டிக்கொள்ள அமாகஸாகி ரயிலில் ஏறினார்.